எதிரே நிற்பவரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் டென்னிஸ் என்றால் கப்பன் பூங்காதான். மரங்களுக்கு நடுவே கர்நாடக மாநில டென்னிஸ் சங்கத்தின் அரங்கில் பெங்களூரு ஓப்பன் நடக்கும்போது, அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களையும் அங்கே பார்க்கலாம். அவ்வப்போது ஒரு குறையும் காதில் விழும்: “அவ்வளவு உயரமான ஆள் சர்வீஸ் போடுறார், எதிராளியால தொடக்கூட முடியல. இதுல பார்க்க என்ன இருக்கு?”

நிறைய இருக்கிறது. சர்வீஸ் போடுபவரை விட்டு, எதிரே நிற்பவரைப் பாருங்கள்.

கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டரில் கிளம்பும் பந்து ஏறக்குறைய அரை நொடியில் அவரிடம் வந்துவிடும். உயரமானவர் மேலிருந்து கீழ்நோக்கி அடிப்பதால் பந்து தரையில் பட்டுத் தோள்வரை எகிறும். பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு, பந்துக்குத் தடை குறைவு. பெரிய சர்வீஸ் போடுபவருக்கு இந்த ஊர் தோதான ஊர்.

சரி, எதிரே நிற்பவர் என்ன செய்வார்? சர்வீஸ் போடுபவரின் ராக்கெட்டில் பந்து படும் நேரத்தில் ஒரு சின்னக் குதி குதிப்பார். கால் தரையைத் தொடும்போதே வலமா இடமா என்று உடம்பு சாய்ந்திருக்கும். ராக்கெட்டைப் பின்னால் இழுத்து வீச நேரம் கிடையாது. முன்னாலேயே பிடித்து, வந்த வேகத்தையே திருப்பிக் கொடுப்பார். நம் ரமேஷ் கிருஷ்ணன் இதில் கைதேர்ந்தவர். அவருடைய சொந்த சர்வீஸில் வேகம் இல்லை. ஆனால் நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையின் 1987 அரையிறுதியில், பந்து வழுக்கிக்கொண்டு வரும் சிட்னி புல்தரையில், கடைசி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் வாலி மசூரை வென்று இந்தியாவை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனார். அந்த நிதானத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அப்புறம், ஏஸ்களை, அதாவது எதிராளியால் தொடவே முடியாத சர்வீஸ்களை, எண்ணாதீர்கள். ஏஸுக்கும் ஒரு புள்ளிதான். முதல் சர்வீஸ் தவறியதா என்று கவனியுங்கள். இரண்டாவது சர்வீஸ் வேகம் குறைந்து வரும். அப்போது எதிராளி கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனுக்கு ஒரு அடி முன்னால் நகர்கிறாரா? கேம் 30-30 என்று சமமாக இருக்கும்போது அப்படி நகர்ந்தால், அங்கேதான் ஆட்டம் திரும்பும். தன் சர்வீஸைக் காப்பாற்றுவதும் அவருக்கு இரட்டைப் பாரம். ஒரு கேம் விட்டால் செட்டே போய்விடலாம்.

2019-ல் புனேயில் கெவின் ஆண்டர்சனும் இவோ கார்லோவிச்சும் மோதிய இறுதிப் போட்டியில் மூன்று செட்டுமே 6-6 என்று சமமாகி, முடிவு காண டைபிரேக்கருக்குப் போனது. இருவருமே நெட்டையர்கள், இருவருமே அசுர சர்வீஸ்காரர்கள். ஆண்டர்சன் ஜெயித்தார்.

அதற்கு நேர்மாறாக, 2018-ல் இதே கப்பன் பூங்காவில் சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், வலுவான சர்வீஸுக்குப் பேர்போன சாகேத் மைனேனியை இறுதியில் 6-2, 6-2 என்று வென்றார். 6-2 என்றால் செட்டுக்குக் குறைந்தது இரண்டு பிரேக், அதாவது எதிராளி சர்வீஸ் போடும் கேமையே இரண்டு முறை பறிப்பது. இரண்டு செட்டுக்கும் சேர்த்து நாலு! பந்து பறக்கும் இந்த ஊரில் அது சாதாரண காரியமில்லை.

அடுத்த முறை போகும்போது பக்கவாட்டில் உட்காராமல், கோர்ட்டின் கோடியில், பேஸ்லைனுக்குப் பின்னால் இடம் பிடியுங்கள். ஆட்டக்காரர்கள் பக்கம் மாறிக்கொண்டே இருப்பதால், ரிட்டர்ன் எடுப்பவரின் முகமும் தெரியும், அவர் கண்ணுக்குப் பந்து எப்படி வருகிறது என்பதும் தெரியும். குழந்தைகளையும் கூட்டிப்போங்கள். வணக்கம்.