விடியுமுன் ஒரு பட்டை பதனி

நேயர்களுக்கு வணக்கம்.

நாங்கள் ஐந்து பேர், மதுரையில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதில் ஒருவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறு வந்தால் அலுவலக நண்பர்களோடு காரை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துச் சிறு பீர் ஆலைகளுக்குப் போய்வருவது அவனுக்கு வழக்கம். பெரிய கம்பெனி பாட்டிலில் அடைத்து அனுப்புகிற சரக்கு இல்லையாம். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, ஹாப்ஸ் பூ போட்டுக் காய்ச்சி, ஆறியதும் ஈஸ்ட் விட்டு, அங்கேயே நொதிக்க வைக்கிறார்களாம். காய்ச்சியவரே பக்கத்தில் வந்து நின்று விளக்குவாராம். அவன் அதைச் சொல்லும்போது குடியைவிட அந்த மனிதரைப் பற்றித்தான் அதிகம் சொல்வான்.

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வந்தபோது என்னிடம் கேட்டான்: "நம்ம பக்கம் இந்த மாதிரி, செய்றவங்க கையால வாங்கிக் குடிக்கிறது ஏதாவது இருக்கா மாப்ள?"

எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. ஆனால் கேள்வி மனதில் தங்கிவிட்டது. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறவன். நொதித்தல் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். பனை மரத்தடியில் அதை நேரில் பார்த்ததில்லை. "இருக்கு. ஆனா விடியிறதுக்கு முன்னாடி எந்திரிக்கணும்" என்றேன். வைகாசியில் ஒரு சனிக்கிழமை ஐந்து பேரும் கிளம்பினோம்.

கிளம்பும்போதே தெருமுனையில் பருத்திப்பால் வண்டி நின்றது. மதுரைக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நேயர்களுக்காக ஒரு வார்த்தை. பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்து, பிழிந்து பாலெடுத்து, அரிசி மாவு சேர்த்துக் காய்ச்சி, வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலமும் தேங்காயும் சேர்ப்பார்கள். மாடு தின்கிற கொட்டை என்று நினைத்தால் தப்பு. அந்த வண்டிக்கார அம்மா எங்களுக்கு ஊற்றும்போது, "இனிப்பு கருப்பட்டிப்பா, வெல்லம் இல்ல" என்று அழுத்திச் சொன்னார். அந்தக் கருப்பட்டி பிறக்கிற இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

அருப்புக்கோட்டை, கமுதி, பெருநாழி, அப்புறம் சாயல்குடி. அருப்புக்கோட்டை தாண்டியதும் நிலம் மாறிவிடும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், கண்மாய்க்கரை, நடுவே கூட்டம் கூட்டமாகப் பனை. இரவில் கார் வெளிச்சம் படும்போது மட்டும் மரங்கள் தெரிந்து மறைந்தன. சாயல்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நண்பனின் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் படுத்தோம். நாலரைக்கு எழுப்பிவிட்டார்கள்.

மரத்தடிக்குப் போனபோது பனையேறி ஐயா ஏற்கெனவே மேலே இருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். கீழிருந்து பார்த்தால் வெளுக்கத் தொடங்கிய வானத்தில் ஓலைகளுக்கு நடுவே ஒரு நிழல் அசைவது மட்டும் தெரிந்தது. அப்புறம் சரக், சரக் என்று ஒரு மெல்லிய சத்தம். பாளை சீவுகிற சத்தம் அது.

அந்தச் சீவலில்தான் தொழிலே இருக்கிறது. பாளை என்பது பனையின் பூங்கொத்து. அதை இடுக்கி போன்ற கட்டையால் பல நாள் நசுக்கிப் பதப்படுத்தி, பிறகு நுனியைத் தினமும் காலையும் மாலையும் சீவுவார்கள். சீவிய முனையிலிருந்து நீர் சொட்டும். உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அதைப் பிடித்தால் பதனி. ஐயா இறங்கி வந்ததும், அரிவாள் பெட்டியில் ஒட்டியிருந்த ஒரு சீவலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெங்காயச் சருகு கனம்தான் இருக்கும். "இதுக்கு மேல தடிச்சா பாளை சீக்கிரம் தீந்துபோகும் தம்பி. மெலிஞ்சா கண்ணு தொறக்காது" என்றார். கண் என்று அவர் சொன்னது நீர் வரும் துளையை. ஒருநாள் சீவத் தவறினால் அந்தக் கண் அடைத்துக்கொள்ளும். காய்ச்சலென்றும் கல்யாணமென்றும் பனைக்குச் சொல்லிப் பார்க்க முடியாது. மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் இதே ஓட்டம்தான்.

அவர் முப்பது மரம் ஏறுகிறார். ஒவ்வொன்றும் சுமார் நாற்பது அடி. காலையும் மாலையும் என்று கணக்குப் போட்டால் ஒருநாளில் 2400 அடி ஏற்றம். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. அதை ஒரு நாளில் பதினான்கு முறை, கால்களைப் பிணைத்த தளைநாரையும் இரண்டு கைகளையும் மட்டும் நம்பி ஏறி இறங்குவதற்குச் சமம். அவருடைய நெஞ்சிலும் பாதத்தின் உட்பக்கத்திலும் தோல் மரப்பட்டை மாதிரி காய்த்திருந்தது.

கலயத்தைச் சாய்ப்பதற்கு முன், பக்கத்தில் வெட்டிப் போட்டிருந்த இளம் ஓலையில் ஒன்றை எடுத்தார். இரண்டு பக்கமும் மடக்கி, முனையைச் சேர்த்து ஒரு ஈர்க்கால் கட்டினார். படகு போல ஒரு பட்டை தயார். அதில் ஊற்றி, "ரெண்டு கையாலயும் பிடிங்க" என்றார். முதலில் பச்சை ஓலை மணம், அப்புறம் சுண்ணாம்பு மணம், அதற்குப் பிறகுதான் இனிப்பு. இரவெல்லாம் மரத்தின் மேலே பனியில் தொங்கியதால் வந்த குளிர்ச்சி, ஐஸ் பெட்டியில் வைத்த குளிர்ச்சி போலப் பல்லைக் கூசவைக்காது. பெங்களூர் நண்பன் இரண்டாவது பட்டையைக் குடித்து முடிக்கும் வரை பேசவே இல்லை.

நான் சட்டைப் பையில் ஒரு தாள் வைத்திருந்தேன். மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவிக் காயவைத்த தாள். அதில் ஒரு சொட்டுப் பதனியை விட்டேன். மஞ்சள் மெல்லச் செம்பழுப்பாக மாறியது. நேயர்களே, கல்யாண வீட்டில் ஆரத்தி கரைப்பது இதேதான். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, காரம் பட்டதால் வரும் நிறம் அது. கலயத்தின் உட்புறம் ஐயா தடவியிருந்த சுண்ணாம்பு இரவெல்லாம் அந்த நீரில் வேலை செய்திருக்கிறது என்பதற்கு அந்தத் தாள் சாட்சி.

என்ன வேலை? பனை நீரில் பத்துக்கு மேல், பன்னிரண்டு சதவீதம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் பூச்சிகளின் காலிலும் ஈஸ்ட் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் நொதிக்கத் தொடங்கிவிடும். சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். சுண்ணாம்பு நீரைக் காரமாக்கி ஈஸ்ட்டைக் கட்டிப்போடுகிறது. பெங்களூரில் ஈஸ்ட்டை விலை கொடுத்து வாங்கி வந்து உபசரிக்கிறார்கள். இங்கே அதே ஈஸ்ட்டை உள்ளே விடாமல் காவல் காக்கிறார்கள். இரண்டும் கைத்தொழில்தான். ஆனால் காவல் காப்பது இன்னும் கடினம் என்று எனக்குத் தோன்றியது. சுண்ணாம்பு குறைந்தால் புளித்துவிடும், கூடினால் நாக்கு பொத்துவிடும். அளந்து பார்க்க ஐயா கருவி ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. விரலால் வழித்துத் தடவுகிறார், அவ்வளவுதான்.

சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவது கள். அதே மரம், அதே பாளை, அதே அரிவாள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. இந்த வழக்கில் நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. எனக்கு வருத்தம் வேறு. கள் என்ற ஒரு சொல்லால், பதனி இறக்குகிறவரையும் ஊர் சந்தேகமாகப் பார்க்கிறது. "கலயத்த மோந்து பாத்துட்டுத்தான் காசு குடுக்குறாங்க" என்று ஐயா சொன்னபோது குரலில் கோபம் இல்லை, பழகிப்போன அலுப்பு இருந்தது. முகர்ந்து பார்க்கிற அதே ஊரில், நெடுஞ்சாலை ஓரத்தில் சாக்கரின் கரைத்த தண்ணீரைப் பதனி என்று சொல்லி விற்கிறார்கள். நானே வாங்கிக் குடித்திருக்கிறேன். உண்மையான பதனியை ஒருமுறை மரத்தடியில் குடித்த நாக்கு அதற்குப் பிறகு ஏமாறாது.

சூரியன் ஏறியதும் விடிலிக்குப் போனோம். பதனி காய்ச்சுகிற ஓலைக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் விடிலி என்று பெயர். ஐயாவின் மனைவி அடுப்பில் உட்கார்ந்திருந்தார். கருவேல விறகும் பனை மட்டையும் எரிந்தன. இறக்குவது ஆணின் வேலை என்றால் காய்ச்சுவது பெண்ணின் வேலை, ஆனால் கூலிக் கணக்கில் இந்தப் பாதி வருவதே இல்லை. நுரை பொங்கி வழிய வரும்போது அந்த அம்மா இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் கிள்ளிப் போட்டார். எண்ணெய் பட்டதும் நுரை அப்படியே அடங்கியது. பாகு முறுகியதும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். "இன்னும் பேசுது" என்றார். சட்டிக்குள் குமிழி உடைகிற சத்தத்தைச் சொல்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்தச் சத்தம் தடித்ததும் இறக்கி, துடுப்பால் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றினார். எட்டு லிட்டர் பதனியைக் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி. சர்க்கரை சதவீதத்தை வைத்து நான் போட்ட கணக்கும் அந்த அம்மாவின் அனுபவக் கணக்கும் ஒத்துப்போயின.

சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் மலிவு. அதோடு போட்டி போட முடியாமல்தான் விடிலிகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. ஐயாவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "அவன ஏறச் சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். பனை நம் மாநில மரம். வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. நல்ல காரியம். மரம் நிற்கும். ஏறுவதற்கு ஆள் நிற்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. அதற்கு வழி, அந்த வீட்டுக்குப் போய் அவர்கள் சொல்லும் விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பது. நாங்கள் ஆளுக்கு ஐந்து கிலோ வாங்கினோம்.

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பதனியும் பிடித்து வந்தோம், வீட்டுப் பிள்ளைகளுக்காக. வேண்டாமென்று ஐயா சொன்னார். "வெயில்ல இது சொல்பேச்சு கேக்காது தம்பி." வைகாசி வெயிலில் பெருநாழி, கமுதி வழியாகத் திரும்பினோம். கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. அப்படிப்பட்ட வெயில் அடிக்கிற மண் அது. அருப்புக்கோட்டை நெருங்கும்போது பின்சீட்டில் பாட்டில் விறைத்துப் புடைத்திருந்தது. மூடியைத் தளர்த்தியதும் நுரை சீறிக்கொண்டு வந்தது. சுண்ணாம்பின் காவல் அதுவரைக்கும்தான் தாங்கியிருக்கிறது. ஓரமாக நிறுத்தி, ஒரு வேப்ப மரத்தடியில் ஊற்றிவிட்டோம். நாலு மணி நேரத்துக்கு முன் அமிர்தமாக இருந்தது அது.

வழியில் ஒரு சிறிய சோடா கம்பெனியில் இறங்கினோம். இந்தப் பக்கத்தில் கலர் என்றாலே ஒரு பரம்பரை உண்டு. காளிமார்க் 1916-ல் விருதுநகரில்தான் தொடங்கியது. கோலிசோடா பாட்டில் 1872-ல் ஹிராம் காட் என்கிற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற வடிவம். வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்து ரப்பரில் ஒட்டவைத்து மூடியாக நிற்கும். எங்கள் பாட்டிலை வீங்க வைத்த அதே கரியமில வாயுதான். இங்கே அது வாசல் காக்கிறது. பன்னீர் சோடாவைக் கட்டைவிரலால் அமுக்கித் திறந்தபோது, பெங்களூர் நண்பன் கண்ணை மூடிக்கொண்டு அந்த "டொப்" சத்தத்தைக் கேட்டான். பள்ளி வாசல் ஞாபகம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

போக நினைக்கிற நேயர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் இரவே போய்த் தங்குங்கள். சூரியன் வந்த பிறகு போனால் பதனி விடிலிக்குப் போயிருக்கும். அப்புறம், பாட்டில் கொண்டுபோகாதீர்கள். அங்கேயே ஓலைப் பட்டையில் குடித்துவிட்டு, வீட்டுக்குக் கருப்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெங்களூர் நண்பன் வரும் மாசிக்கு இப்போதே விடுப்பு சொல்லி வைத்திருக்கிறான். பாளை இடுக்குகிற நாளிலிருந்து பார்க்க வேண்டுமாம். தன்னோடு பீர் ஆலைகளுக்கு வருகிற இரண்டு பேரையும் கூட்டி வருகிறானாம். ஐயாவிடம் போனில் சொன்னேன். "வரட்டும், ஓலைக்கா பஞ்சம்" என்றார்.

நன்றி. வணக்கம்.