வாஷர் தண்ணீர் உறையும் தூரம்

வணக்கம் நேயர்களே.

காரின் முன்கண்ணாடியைக் கழுவுகிற தண்ணீர் குளிரில் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று மதுரை வானொலியில் ஒருவன் பேச வந்தால், கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். மார்கழி விடியற்காலையில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினாலே மப்ளர் தேடுகிற ஊர் இது.

ஆனால் சமயநல்லூரிலிருந்து கப்பலூர் டோல்கேட் பக்கமாக ஊரை ஒட்டிப் போகிறதே நாலுவழிச் சாலை, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பழைய கணக்கில் அது ஏழாம் நம்பர், இப்போது 44. அதன் தென்முனை கன்னியாகுமரி, வடமுனை ஸ்ரீநகர். மொத்தம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். திண்டுக்கல் பக்கம் முகத்தைத் திருப்பி நேரே ஓட்டிக்கொண்டே இருந்தால் காஷ்மீர் வந்துவிடும். அப்படி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் என் பட்டறைக்கு வருகிறார்கள். டிராவல்ஸ் வேன்காரர்கள், பனி பார்க்க ஆசைப்பட்டுச் சொந்தக் காரில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், லடாக் வரை போய்த் திரும்பத் துடிக்கிற இளவட்டங்கள். டயர் பார்க்கச் சொல்வார்கள், பிரேக், பேட்டரி, ஆயில் எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். கண்ணாடி கழுவுகிற தண்ணீர் இருக்கிற வாஷர் டேங்க்கைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் அதில் கழுத்துவரை போர்வெல் தண்ணீர். கூடவே ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஊற்றியிருப்பார்கள், நுரை மிதக்கும்.

மதுரைக்கு அது போதும். ஜம்மு வரைக்கும்கூடப் பெரும்பாலும் ஓடிவிடும். உதம்பூர் தாண்டி, பனிஹால் மலையேறி, டிசம்பர் கடைசியில் ஸ்ரீநகரில் ராத்திரி வண்டியை வெட்டவெளியில் நிறுத்தினால்தான் வினை. டிசம்பர் 21 தொடங்கி 40 நாளுக்கு அங்கே ‘சில்லை கலான்’ என்று சொல்கிற கடுங்குளிர் காலம். இரவில் மைனஸ் ஐந்து, ஆறு என்பது அங்கே சாதாரணப் பேச்சு. லடாக்கில் திராஸ் பக்கம் மைனஸ் 20 வரையும் அதற்குக் கீழேயும் போகும்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். டேங்க்கில் விளிம்புவரை தண்ணீர் இருந்தால் பிளாஸ்டிக் விரிசல் விட இதுவே போதும். ஆனால் முதலில் கெடுவது டேங்க் இல்லை. பானெட் மேலே குளிர்காற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற, தண்ணீர் பீய்ச்சுகிற நாசில் முதலில் அடைக்கும். அடுத்தது அதற்குப் போகிற மெல்லிய ரப்பர் குழாய். டேங்க்கில் தண்ணீர் தண்ணீராகவே ஆடிக்கொண்டிருக்கும், கண்ணாடிக்கு ஒரு சொட்டு வராது. நம்ம ஆள் என்ன செய்வார்? லீவரை இழுத்துப் பிடிப்பார். வரவில்லை என்றால் இன்னும் அழுத்திப் பிடிப்பார். டேங்க்கின் அடியில் இருப்பது 12 வோல்ட்டில் ஓடுகிற பொடி மோட்டார். உள்ளே பனிக்கட்டி பிடித்திருந்தால் அது சுற்றமுடியாமல் சூடாகும். அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் மட்டும் போகும், இல்லாவிட்டால் மோட்டாரே போகும்.

கண்ணாடியில் தண்ணீர் வராதது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். குளிர்ப் பிரதேசத்துச் சாலையில் பெரிய விஷயம்தான். பனி உருகி மண்ணோடு சேர்ந்து சேறாகக் கிடக்கும். முன்னால் போகிற லாரி அதை வாரி நம் கண்ணாடியில் அடிக்கும். வெறும் வைப்பரைப் போட்டால் அந்தச் சேற்றை அழகாகப் பரப்பிப் பூசிவிடும். அந்த நேரம் எதிர்வெயிலும் அடித்தால், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் இருக்கிற பாதையில் முன்னால் எதுவுமே தெரியாது. வைப்பர் பிறந்ததே இப்படிப்பட்ட குளிரில்தான். அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற அம்மையார் குளிர்காலத்தில் நியூயார்க் போயிருக்கிறார். பனிமழையில் டிராம் ஓட்டுநர் வெளியே பார்ப்பதற்காக முன்கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு நடுங்கியபடி ஓட்டியதைப் பார்த்து, உள்ளே இருந்தே கையால் இயக்குகிற துடைப்பான் ஒன்றை வடிவமைத்தார். 1903 நவம்பரில் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

டிராவல்ஸ் ஓட்டுகிற தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஏண்ணே, உறைஞ்சா என்ன, ஹோட்டல்ல ஒரு வாளி சுடுதண்ணி வாங்கி ஊத்துனா சரியாப் போகும்லண்ணே?” போகாது தம்பி. பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கிற கண்ணாடியில் கொதிக்கிற தண்ணீர் பட்டால், பட்ட இடம் விரியும், படாத இடம் அப்படியே நிற்கும். கல் பட்டு ஏற்கனவே சின்னப் புள்ளி விழுந்திருந்தால் அங்கிருந்து கோடு ஓடிவிடும். டேங்க்குக்குள் சுடுதண்ணீர் ஊற்றினாலும் ஒரு ராத்திரிக்குப் பிறகு அதுவும் உறைகிற தண்ணீர்தான்.

அப்படியானால் உறையாத தண்ணீர் எப்படி வரும்? ராத்திரியில் மணியடித்துக்கொண்டு தெருவில் வருகிற குல்ஃபி வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பானைக்குள் ஐஸோடு கல் உப்பைக் கொட்டி வைத்திருப்பார். தண்ணீரில் வேறொன்று கரைந்தால் அது உறைகிற வெப்பநிலை கீழே இறங்கும். உப்புக் கலந்தால் மைனஸ் 21 வரைகூட இறக்கலாம். அந்த உப்பு ஐஸின் குளிரில்தான் பால் கட்டியாகிறது. வாஷர் டேங்க்குக்குள் நடக்க வேண்டியதும் இதேதான். ஆனால் உப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள். கண்ணாடியில் காய்ந்து வெள்ளையாகப் படியும், நாசிலை அடைக்கும், பானெட் ஓரத்துத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். உறையக் கூடாது, காய்ந்தால் படியவும் கூடாது. இந்த இரண்டுக்கும் பொருந்துவது ஆல்கஹால் வகைதான்.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். அமெரிக்கா, கனடாவில் கடையில் விற்கிற நீல நிற வாஷர் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது மெத்தனால். விலை குறைவு, வேலை சுத்தம். எடையில் முப்பது சதவீதம் கலந்தால் மைனஸ் 25 வரைக்கும் உறையாது. மெத்தனால் என்ற பெயரை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயத்தில் கலந்திருந்தது இதுதான். 60 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் கண் நரம்பில் கைவைக்கும், பிறகு உயிரில். பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரி, வாசமும் சாராய வாசம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுமக்களுக்கு விற்கிற வாஷர் திரவத்தில் மெத்தனால் 0.6 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி போட்டு, 2019 மே மாதத்திலிருந்து அமலில் இருக்கிறது. அங்கே சிலர் அதை மலிவான மதுவுக்குப் பதிலாகக் குடித்து இறந்ததும் அதற்கு ஒரு காரணம்.

வெளிநாட்டில் மகனோ மகளோ இருக்கிற வீட்டுக்காரர்கள் இதை அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். கராஜில் நீல நிறப் புட்டி தரையில் இருந்தால் அதைப் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். மிச்சத்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற நம்மூர்ப் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. தெரியாமல் யாராவது குடித்துவிட்டால், முதல் சில மணிநேரம் ஒன்றும் செய்யாதது போல இருக்கும். அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு, அந்தப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். சீக்கிரம் போனால் மாற்று மருந்து இருக்கிறது.

நாம் வாங்க வேண்டியது எத்தனாலோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ சேர்த்த, குளிருக்கென்று விற்கிற வாஷர் திரவம். சானிடைசரில் இருக்கிறதே, அந்த வகைச் சரக்குதான். லேபிளில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும். அந்த எண்ணைப் பாருங்கள், விலையைப் பிறகு பார்க்கலாம். கெட்டித் திரவமாக வாங்கினால் தண்ணீர் சேர்க்கச் சேர்க்கக் காப்பு குறையும். எத்தனால் 40 சதவீதம் இருந்தால் மைனஸ் 23 வரை தாங்கும், 30 என்றால் மைனஸ் 15, இருபதுக்கு மைனஸ் 9தான். மைனஸ் 20 தாங்கும் என்று வாங்கிவந்து, சிக்கனம் என்று பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கிறவர் கலக்கும்போதே அந்தக் காப்பைத் தூக்கிப்போட்டுவிடுகிறார்.

வெளியே மைனஸ் ஐந்து என்றால் மைனஸ் ஐந்து தாங்குகிற திரவம் போதாது. கண்ணாடியில் பீய்ச்சியதும் வண்டி வேகத்தின் காற்றில் ஆல்கஹால் முதலில் ஆவியாகிப் பறக்கும். பறக்கும்போது இன்னும் குளிரவைக்கும். மிஞ்சுகிற தண்ணீர் அதே இடத்தில் படலமாக உறையும். அதனால் எதிர்பார்க்கிற குளிரை விடப் பத்து டிகிரியாவது கூடுதலாகத் தாங்குகிற சரக்கைப் போடுங்கள்.

இன்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட்டும் உறையாத திரவம்தானே, அதையே ஊற்றினால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. ஊற்றாதீர்கள். ரேடியேட்டர் கூலன்ட்டில் இருக்கிற கிளைகால் லேசில் ஆவியாகாது. கண்ணாடியில் எண்ணெய் தடவினாற்போல நிற்கும். எதிர்வண்டி ஹெட்லைட் அதில் பட்டால் கண் கூசி ஒன்றும் புலப்படாது. அதுவும் விஷம், போதாததற்கு இனிக்கிற விஷம். வாஷர் டேங்க் மூடியில் கண்ணாடியும் தண்ணீர் பீய்ச்சுவதும் படமாகப் போட்டிருக்கும். அந்தப் படம் இருக்கிற மூடியை மட்டும் திறங்கள்.

மாற்றுகிற வேலை ரொம்பச் சுலபம், இடம்தான் முக்கியம். மலையேறுவதற்கு முன்னால், ஜம்முவிலோ பதான்கோட்டிலோ வண்டியை நிறுத்தி, இருக்கிற தண்ணீரை லீவரை விட்டு விட்டு இழுத்துப் பீய்ச்சிக் காலி செய்யுங்கள். ஒரேயடியாகப் பிடித்தால் மோட்டார் சூடாகும். டேங்க்கின் அடியில் மிச்சம் கிடந்தாலும் புதுத் திரவத்தை அது நீர்த்துப்போகச் செய்யும், அதனால் முடிந்த மட்டும் ஒட்ட எடுத்துவிடுங்கள். புதுத் திரவத்தை ஊற்றிய பிறகு, அதன் வாசம் கண்ணாடியில் வருகிற வரை மறுபடி பீய்ச்ச வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டேங்க்கில் நல்ல சரக்கு, குழாயிலும் நாசிலிலும் பழைய மதுரைத் தண்ணீர். அன்று ராத்திரி முதலில் உறைவது அந்தக் குழாய்தான். பின்கண்ணாடிக்கு வைப்பர் இருக்கிற வண்டி என்றால் அதற்கும் தனியாகப் பீய்ச்சிப் பாருங்கள், அந்தக் குழாய் நீளமானது.

டீசல் வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. லடாக் குளிரில் சாதாரண டீசலே மெழுகு பிடிக்கும். இந்தியன் ஆயில் 2019இல் லடாக்குக்கென்று மைனஸ் 33 வரை இறுகாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. அங்கே போனால் அங்கத்திய டீசலைப் போடுங்கள். டேங்க்குக்கு அடியில் தீ மூட்டுகிற வித்தையெல்லாம் நமக்கு வேண்டாம்.

திரும்பி வந்ததும் அந்தக் குளிர்காலத் திரவத்துக்கு இங்கே வேலை இல்லை. நம் வெயிலில் ஆல்கஹால் ஆவியாகிப் போகும், தீப்பிடிக்கிற சரக்கு வேறு. அதற்காகப் பழையபடி போர்வெல் தண்ணீருக்கும் போக வேண்டாம். அதிலிருக்கிற சுண்ணாம்புதான் நாசிலை அடைக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் சாதாரண வாஷர் திரவம் கொஞ்சம் கலந்து ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடந்தால் அதில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் காய்ச்சல் கிருமி வளரக்கூடும். வாஷர் திரவம் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2010இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. குளிர்நாட்டுக்கே அப்படி என்றால் நாம் யோசிக்கத்தான் வேண்டும்.

காஷ்மீருக்கெல்லாம் நான் எங்கே போகப்போகிறேன் என்கிறவர்களும் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறத்தான் செய்கிறீர்கள். டிசம்பர், ஜனவரியில் ஏரியைச் சுற்றியும் பிரையன்ட் பூங்காவிலும் மன்னவனூரிலும் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிகிறது. அங்கே வாஷர் டேங்க் உறைகிற அளவுக்குக் குளிர் போவது அரிது. ஆனால் மேகமில்லாத ராத்திரியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணாடி, சுற்றியிருக்கிற காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். அதன்மேல் ஈரம் அப்படியே வெள்ளையாகப் படியும். காலையில் அவசரப்பட்டு வாஷரைப் போட்டால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து உறைந்து கண்ணாடி மங்கிப்போகும். வைப்பரும் ஒட்டிக்கொண்டிருக்கும், சுவிட்சைப் போட்டால் ரப்பர் கிழியும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹீட்டர் காற்றைக் குறைந்த சூட்டில் முன்கண்ணாடிக்குத் திருப்பிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். மிச்சத்தைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டிக்கொள்ளலாம், கத்தி வேண்டாம். முந்தின இரவே கண்ணாடிமேல் ஓர் அட்டையையோ போர்வையையோ போட்டுவிட்டால் இந்த வேலையும் மிச்சம். தங்குகிற இடத்தில் போர்டிகோ இருந்தால் வண்டியை அதனடியில் விடுங்கள். மேலே ஒரு கூரை இருந்தால் உறைபனி அவ்வளவாகப் படியாது.

நன்றி, வணக்கம்.