நிழற்பாத்தியில் வயோலா

வணக்கம், நேயர்களே. நிழல் விழும் பாத்தியில் என்ன பூச்செடி வைக்கலாம் என்று கேட்டால், வயோலா வையுங்கள் என்ற பதில் உடனே வந்துவிடும். அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் எந்த வயோலா, எப்படிப்பட்ட நிழல் என்ற இரண்டையும் விசாரிக்காமல் சொன்னால் அது அரைகுறைப் பதில்தான். வயோலா பேரினத்தில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றுள் சில மரக்கூட்டத்தின் அடியில் வளர்ந்து பழகியவை. வேறு சில திறந்த புல்வெளிகளிலும் மலைச்சரிவுகளிலும் வெயிலோடு வளர்ந்தவை.

செடிக்கடைகளில் வண்ண வண்ணமாக அடுக்கி வைத்திருக்கும் பேன்ஸியும் சிறுபூ வயோலாவும் பெரும்பாலும் வெயில் பழகியவற்றின் வழிவந்தவை. பேன்ஸி 19-ஆம் நூற்றாண்டில் கலப்பின முறையில் உருவாக்கப்பட்டது. சிறுபூ வயோலாக்களின் முன்னோர்களுள் ஒன்று, பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த வயோலா கார்னூட்டா. ஆகையால் இவற்றுக்குக் காலை வெயில் சில மணி நேரமாவது கிடைத்து, உச்சிவெயில் நேரத்தில் நிழல் விழும் இடமே பொருத்தமானது. நாள் முழுவதும் வெயில் எட்டாத பாத்தியில் வைத்தால் தண்டு நீண்டு சாயும், இலை பெருகும், பூ குறையும். அப்படிப்பட்ட இடத்துக்கு வயலட் என்று நாம் சொல்லும் காட்டினங்களையே தேட வேண்டும்: மணம் வீசும் வயோலா ஓடொராட்டா, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த வயோலா சொரோரியா, ஐரோப்பியக் காடுகளில் வளரும் வயோலா ரிவினியானா ஆகியவை அவற்றுள் சில. இவையும்கூட இலையுதிர் மரங்களின் கீழ்தான் நன்றாகப் பூக்கின்றன. மரம் மொட்டையாக நிற்கும் வாரங்களில் தரைக்கு வந்து சேரும் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டு, மரம் தழைப்பதற்குள் பூத்து முடித்துவிடுகின்றன.

வாங்கப் போகும்போது பூவின் அமைப்பைப் பார்த்தாலே பேன்ஸியையும் வயலட்டையும் பிரித்துவிடலாம். பேன்ஸியின் ஐந்து இதழ்களில் நான்கு மேல்நோக்கியும் ஒன்று கீழ்நோக்கியும் இருக்கும். வயலட்டில் இரண்டு மேலே, மூன்று கீழே. ஆப்பிரிக்க வயலட் என்று விற்கப்படுவது வேறு குடும்பத்தைச் சேர்ந்த வீட்டுக்குள் வளர்க்கும் செடி. குளிரை அது தாங்காது. அதேபோல், கருஞ்சிவப்பு இலையுள்ள ரிவினியானா வகையை லாப்ரடோரிக்கா என்ற வேறொரு வயோலா இனத்தின் பெயர்ச்சீட்டோடு விற்பதும் சாதாரணமாக நடக்கிறது. தொட்டி நிறையப் பூத்த செடியைக் காட்டிலும், குட்டையாக, அடியிலிருந்து பல கிளைகள் விட்டு, மொட்டுகளோடு இருக்கும் செடியையே நான் எடுப்பேன். தொட்டிக்குள் வேர் பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடலாம். காட்டிலிருந்து பிடுங்கி வருவது கூடவே கூடாது. தோட்டத்தில் வயலட் வைத்திருப்பவரிடம் ஒரு பிடி கேட்டால் அவர் மகிழ்ச்சியோடு தருவார், ஏனெனில் அவரிடம் அது தேவைக்கு மேல் இருக்கும்.

மண்ணில் இலைமட்கு தாராளமாகக் கலந்திருக்க வேண்டும். ஈரம் நிற்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் இலைதான் கிடைக்கும். மரத்தடிப் பாத்தியில் உண்மையான சிக்கல் நிழலைவிட வறட்சிதான். மழைநீரை மரவேர்கள் உறிஞ்சிவிடுவதால், நட்ட முதல் ஆண்டில் தவறாமல் நீர் ஊற்றி, மட்கு மூடாக்கும் இட வேண்டும். வறண்டால் சிலந்திப்பேன் வரும். இலை மங்கலாகி, அடிப்பக்கத்தில் நுண்ணிய நூலாம்படை தெரியும். நத்தை இரவில் வந்து மேயும். ஆனால் ஓட்டை விழுந்த இலையைக் கண்டவுடன் மருந்து தெளித்துவிட வேண்டாம்: ஃபிரிட்டிலரி வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றின் புழுக்களுக்கு வயலட் இலைதான் உணவு.

வயலட் பெருகும் விதம் விந்தையானது. ஓடொராட்டா ஓடுதண்டு விட்டுப் பரவும். வேர்விட்ட கன்றை வெட்டி நட்டால் போதும். இதற்கு மேல், வசந்தத்துப் பூக்கள் முடிந்தபின் கோடையில் இலைகளுக்கடியில் விரியாத மொட்டுகள் தோன்றும். வண்ண இதழ் வளராத, ஒருபோதும் திறக்காத இந்தப் பூக்கள் உள்ளுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து காயாகின்றன. ஆகவே கோடையில் செடி பூக்கவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் இலையை விலக்கிப் பார்க்க வேண்டும். விதையின் ஒரு முனையில் கொழுப்பு நிறைந்த வெண்ணிறத் துணுக்கு ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைத் தூக்கிச் சென்று, துணுக்கைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடுகிறது. நீங்கள் நடாத பாதை ஓரத்தில் வயலட் முளைத்திருந்தால் அது எறும்பின் வேலையாக இருக்கலாம்.

விதையிட்டு வளர்க்க விரும்புவோர், காட்டினங்களின் விதையை இலையுதிர் காலத்திலேயே தட்டில் விதைத்து வெளியில் வைக்க வேண்டும். குளிர்காலத்தின் குளிரைக் கடந்த பிறகே அவற்றுள் பெரும்பாலானவை முளைக்கும். பேன்ஸி விதைக்கு அந்தக் குளிர் தேவையில்லை. மெல்லிய மண்ணால் மூடி, இருட்டாகவும், ஏறத்தாழ 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் வைத்தால் இரண்டு வாரங்களுக்குள் முளை தெரியும். வெப்பம் மிகுந்தால் முளைப்பு குறைந்துவிடும். பேன்ஸியின் விதையைச் சேகரிக்கக் காயின் நிலையைக் கவனிக்க வேண்டும். பிஞ்சாக இருக்கும்போது தலைகவிழ்ந்து தொங்கும் காய், முற்றியதும் காம்பு நிமிர்ந்து மேல்நோக்கும். பிறகு மூன்று பிளவாக வெடித்து, ஒவ்வொரு பிளவும் காய்ந்து சுருங்கி விதைகளை நெருக்கித் தெறிக்கவிடும். நிமிர்ந்த காயை வெடிப்பதற்குள் பறித்து, வாய் மூடிய காகித உறையில் போட்டு வையுங்கள். திறந்த தட்டில் வைத்தால் மறுநாள் விதைகளை அறை முழுவதும் தேட வேண்டியிருக்கும். கலப்பின வகையின் விதையிலிருந்து தாய்ச்செடியின் நிறம் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதே நிறம் வேண்டுமென்றால் செடியின் அடியிலிருந்து கிளம்பும் இளந்தண்டை வெட்டி வேர்விடச் செய்வதே வழி.