பாறையில் மின்னும் கறுப்புத் துகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மலையகத்தில் பாதை வெட்டிய இடங்களில் சிவப்புக் கார்னெட் மணிகள் பதிந்த கல்லைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சற்றுத் திருப்பி வெயிலில் காட்டினால், மணிகளுக்கு இடையே கறுப்பாகச் சில துகள்கள் மின்னும். பல இடங்களில் அது காரீயம், பென்சில் குச்சியில் இருக்கிற அதே பொருள். கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்கள் விட்டுச்சென்ற காபன் அது. கடலடிச் சேற்றில் கிடந்த அந்தக் காபன், தேயிலை மலைப் பாறையில் காரீயமானது எப்படி என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கடலில் ஓர் உயிர் செத்தால் அதன் உடல் அடிக்குப் போகும். தண்ணீரில் ஒட்சிசன் இருந்தால் மற்ற உயிர்கள் தின்றுவிடும், மிச்சமும் அழுகி மறையும். ஆனால் அடித்தளம் நுண்ணிய சேறாக இருந்து, நீரோட்டமும் குறைவாக இருந்தால், சேற்றுக்குள் ஒட்சிசன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே வேறு வகைப் பற்றீரியாக்கள் வேலையைத் தொடங்குகின்றன. கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேற்றை எடுத்து அவை சேதனப் பொருளைச் சிதைக்கும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வெளியேறும் சல்பைட்டு இரும்போடு சேர்ந்து பொன்னிறமாக மினுங்கும் கனியமாகிறது. கூடவே உண்டாகும் இருகாபனேற்று, நீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படிகிறது. படிவது எங்கே? அந்த உடலைச் சுற்றியே.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சுற்றியுள்ள சேறு இன்னும் தண்ணீரும் மண்ணுமாக இளகிக் கிடக்கும்போதே, உடலைச் சுற்றிய பகுதி மட்டும் உருண்டையாக இறுகிவிடுகிறது. பிறகு மேலே மேலே மண் படிந்து பாரம் ஏற, மற்றச் சேறெல்லாம் நசுங்கித் தட்டையாகிறது. உருண்டை நசுங்குவதில்லை. அதனால்தான் இப்படியான கல்லை உடைத்தால், உள்ளே சிப்பியோ மீனோ உருக்குலையாமல் இருப்பதுண்டு. வெளியேயுள்ள படைகள் உருண்டையை வளைத்துக்கொண்டு போவதையும் காணலாம். எது முதலில் இறுகியது என்பதற்கு அந்த வளைவே சாட்சி.

நம்மில் பலருடைய முன்னோர் புறப்பட்டு வந்த திருச்சிச் சீமையில், காரை என்ற ஊரின் களிமண் மேடுகளில், கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களோடு இத்தகைய கல்லுருண்டைகளும் கிடைக்கின்றன. அங்குள்ளவை பெரும்பாலும் சுண்ணாம்பால் அல்லாமல் பொசுபேற்றால் ஆனவை. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடல்.

எல்லாச் சேதனப் பொருளும் உருண்டைக்குள் அகப்படுவதில்லை. பெரும்பகுதி சேறு முழுவதும் பரவி, கறுப்புக் களிப்பாறையாகிறது. அது ஆழத்தில் புதைந்து 60 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறும்போது எண்ணெய் பிரியத் தொடங்கும். இன்னும் சூடேறினால் வாயு. மன்னார்க் கடலுக்கு அடியில் 2011இல் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டதற்கும் இப்படிப் புதைந்த பழைய அடையல்கள்தான் காரணம்.

மலையகத்துப் பாறை அதையும் கடந்து போனது. இங்கே முன்னொரு காலத்தில் மணலும் களியும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்தன. 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய தென்கண்டங்களும் இந்தியாவும் இலங்கையும் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒன்றுசேர்ந்த காலத்தில், அந்த அடுக்குகள் பூமிக்குள் மிக ஆழத்துக்குத் தள்ளப்பட்டு, 800 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் வெந்தன. மணற்கல் குவாட்சைட்டு ஆனது, சுண்ணாம்புக்கல் சலவைக்கல் ஆனது, களிப்பாறை கார்னெட் பதிந்த கொண்டலைட்டு ஆனது. களியில் இருந்த சேதனப் பொருளின் நீரும் வாயுவும் போய், மிஞ்சிய காபன் காரீயமாயிற்று. போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டுகிற நரம்புக் காரீயம் வேறு; அது பாறை வெடிப்புகளில் ஊடுருவிய காபன் கலந்த பாய்மத்திலிருந்து படிந்தது.

மலையகப் பாறையாக மாறிய அந்தச் சேறு படிந்தபோது மீனும் இல்லை, சிப்பியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். அப்படியானால் காபன் உயிரிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? காபனில் எடை குறைந்த 12, எடை கூடிய 13 என இரண்டு வகை உண்டு. ஒளித்தொகுப்புச் செய்யும் உயிர்கள் 12ஐயே கூடுதலாக எடுத்துக்கொள்ளும். இவ்வளவு வெந்த பிறகும் அந்த அடையாளம் முழுதாக அழிவதில்லை.

இந்தப் பாறைகளை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி ஆனந்த குமாரசுவாமி. கலை அறிஞராகவே அவரை நாம் அறிவோம். 1903இல் இலங்கைக் கனிய ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர் அவர் என்பதை நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்தளை, திகனைப் பக்கத்துச் சலவைக்கல் இன்று டொலமைட் தூளாகத் தோட்டங்களுக்கு வருகிறது. கவ்வாத்துக் காலத்தில் தேயிலை மலையில் தூவி, பசளையால் மண்ணில் ஏறிய புளிப்பைக் குறைக்கிறோம். மறைந்த கடலொன்றின் அடையல்தான் அதுவும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட கல் ஒன்றைக் கொடுங்கள். கறுப்புத் துகளை வெள்ளைத் தாளில் தேய்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறக் கோடு விழுந்தால் காரீயம். கோடு விழாமல் மெல்லிய ஏடாக உரிந்து வந்தால் மைக்கா. கல் தேடி மண்மேட்டை யாரும் தோண்ட வேண்டாம். மழை நாளில் அதன் அடியில் நிற்கவும் வேண்டாம். பாதையோரம் உதிர்ந்து கிடப்பதே போதும்.

நன்றி, வணக்கம்.