அடித்து வளர்ப்பதற்கு ஆயுள் எத்தனை வயது வரை?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'முரட்டுப் பிள்ளையைப் பருவ வயதில் கரைசேர்ப்பது பெற்றோரின் கண்டிப்பா, மருத்துவ வழிகாட்டுதலா?' என்பது தலைப்பு. வழிகாட்டுதலே என்று வாதிட வந்திருக்கிறேன்.

'அடியாத மாடு படியாது' என்றார் எதிரணித் தலைவர். அவரிடம் ஒரே கேள்வி: எத்தனை வயது வரை அடிப்பீர்கள்? எட்டு வயதில் சோற்றுத் தட்டை வீசியவனைத் தாய் இழுத்துப் பிடித்து உட்கார வைத்துவிடலாம். பதினான்கு வயதில் அவன் தாயைவிட உயரம். கோபம் அதேதான், ஆனால் இப்போது கதவு உடைகிறது, தாயின் மணிக்கட்டு வீங்குகிறது. உடல் பலத்தை நம்பிய கண்டிப்பு, பிள்ளைக்கு மீசை அரும்பும்போதே செத்துவிடுகிறது. அதற்குப் பிறகு உங்கள் கையில் என்ன மிச்சம் இருக்கிறது?

எதிர்த்துப் பேசுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் எல்லா வீட்டிலும் உண்டு. நான் பேசுவது அதைப் பற்றியல்ல. தங்கையின் கழுத்தை நெரிக்கப் போகிறவனைப் பற்றி. அரிவாள்மனையை ஒளித்து வைத்துவிட்டுத் தூங்கப் போகும் வீட்டைப் பற்றி. அந்தப் பெற்றோர் கல்யாணம் காட்சிக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள். போன இடத்தில் எல்லாம் 'வளர்ப்பு சரியில்லை' என்ற பேச்சைக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

பருவமாற்றம் பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகிறது. உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் அப்போதே வேகமெடுக்கின்றன. நிதானிக்கச் சொல்லும் மூளையின் முன்பகுதியோ இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முதிர்கிறது. இரவில் தூக்கம் வரும் நேரமும் தள்ளிப்போகிறது. ஏற்கெனவே ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு-மிகைத்துடிப்பு, பேசுவதிலும் பழகுவதிலும் சிரமம் தரும் ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ள பிள்ளைக்கு இவ்வளவும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமி, மாதவிடாய் வலியைச் சொல்லத் தெரியாமல் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம். ஆட்டிசம் உள்ள சிலருக்கு முதல் வலிப்பே இந்த வயதில்தான் வருகிறது. எதிரணி நண்பர்களே, அந்தச் சிறுமிக்கு உங்கள் பிரம்பு எதைக் கற்றுக்கொடுக்கும்?

அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் 1960-களிலிருந்து முரட்டுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே வைத்துக் கவனித்து ஆராய்ந்தார். அவர் கண்டது நம் வீடுகளிலும் அன்றாடம் நடப்பதுதான். போனை வைக்கச் சொல்கிறார் அம்மா. மகன் கத்துகிறான். அம்மாவும் கத்துகிறார். அவன் நாற்காலியை உதைக்கிறான். 'என்னவோ செய்து தொலை' என்று அம்மா ஒதுங்குகிறார். கத்தல் நின்றதில் அவருக்கு நிம்மதி. உதைத்தால் காரியம் நடக்கும் என்பது மகனுக்குப் பாடம். மறுநாள் அப்பா அடித்து அடக்குகிறார். பலம் உள்ளவன் ஜெயிப்பான் என்ற அதே பாடத்தை அவரும் உறுதிப்படுத்துகிறார்.

இந்தச் சுழலை உடைக்கப் பெற்றோருக்கே பயிற்சி உண்டு. நீண்ட உபதேசத்துக்குப் பதில் ஒரே ஒரு தெளிவான கட்டளை. நல்லது செய்த அந்த நிமிடமே, எதைச் செய்தான் என்று சொல்லிப் பாராட்டு. ஒரு மாதம் போனைப் பறிக்காமல், அன்று மாலைக்கு மட்டும் பறித்து, சொன்னபடி திருப்பிக் கொடுப்பது. அவன் வெடிக்கும்போது வாதத்தை நிறுத்திவிட்டுத் தங்கையை வேறு அறைக்கு அனுப்புவது. இதிலும் கண்டிப்பு இருக்கிறது, நடுவர் அவர்களே. கை ஓங்காத கண்டிப்பு. பதினேழு வயதுப் பையனிடமும் செல்லுபடியாகும் கண்டிப்பு.

'டாக்டரிடம் போனால் மாத்திரைக்கு அடிமையாகிவிடுவான்' என்று இங்கே பயமுறுத்தினார்கள். நடத்தைச் சிக்கலுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது இந்தப் பெற்றோர் பயிற்சிதான். ஏ.டி.எச்.டி. போன்ற குறைபாட்டுக்கு மாத்திரை தேவைப்பட்டாலும் உயரம், எடை, நாடித்துடிப்பு பார்த்துப் பார்த்துத்தான் தொடர்வார்கள்.

பணக்காரர்களுக்குத்தான் இதெல்லாம் என்றார் இன்னொருவர். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். குழந்தை மனநல மருத்துவர்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாவட்டந்தோறும் வேண்டும் என்று கேட்போம். அதுவரை வாசலைத் திறக்க விடாமல் தடுப்பது நம் வாய்தான். 1794 முதல் நோயாளிகளுக்கு அடைக்கலம் தரும் மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்த ஏச்சுக்குப் பயந்துதானே ஒரு தாய் மகனின் வெறியை மூன்று, நான்கு ஆண்டுகள் மூடி மறைக்கிறாள்?

பள்ளியில் உடல்ரீதியான தண்டனையை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்துவிட்டது. அதனால் ஆசிரியர் அப்பாவை அழைக்கிறார். அப்பா வீட்டில் வைத்து அடிக்கிறார். அதே அப்பா, மருத்துவர் அழைத்தால் மட்டும் 'வேலை இருக்கிறது' என்று அம்மாவைத் தனியாக அனுப்புகிறார். எதிரணி இவ்வளவு நேரம் புகழ்ந்த அப்பாக்கள் அடுத்த முறை அந்தப் பயிற்சிக்குத் தாங்களே வந்து உட்காரட்டும். அதற்கு வழி செய்யும் தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குங்கள். நன்றி, வணக்கம்.