பிராசசரை அப்புறம் பாருங்கள், முதலில் சாக்கெட்டைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2017 ஜனவரியில் கேமிங் கணினி வாங்கப் போனவர் "நல்லதா ஒண்ணு கொடுங்க" என்று கேட்டிருந்தால், கடைக்காரர் யோசிக்காமல் எடுத்து வைத்திருக்கக்கூடிய பிராசசர் இன்டெல் கோர் ஐ7-7700கே. நாலு கோர் (கணக்குப் போடும் மூளை), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்). அன்றைய தேதிக்கு கேம் விளையாட அதை மிஞ்ச ஆளில்லை. மூன்று மாதம் கழித்து ஏஎம்டியின் ரைசன் 5 1600 வந்தது. ஆறு கோர், விலையும் குறைவு, ஆனால் கேமில் ஒரு படி கீழேதான் நின்றது.

ஐந்து வருடம் போனது. 7700கே இருந்த மதர்போர்டில் அதற்கு மேல் போட ஒன்றுமில்லை. அடுத்த தலைமுறை பிராசசர் அதே 2017 அக்டோபரில் வந்துவிட்டது. சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) பெயர்கூட அதே 1151தான், ஆனாலும் பழைய போர்டில் ஓடாது. விண்டோஸ் 11 ஓட மைக்ரோசாஃப்ட் ஏற்ற பிராசசர்களின் பட்டியலிலும் 7700கே இடம்பெறவில்லை. ரைசன் 1600-உம் அந்தப் பட்டியலில் இல்லைதான். ஆனால் அதை வாங்கியவர் கையில் ஏஎம்4 சாக்கெட் இருந்தது. 2022 ஏப்ரலில் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை, 2017-இல் வாங்கிய பி350 வகை போர்டுகள் பலவற்றில் பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து அப்படியே மாட்ட முடிந்தது. ராம், கேபினட், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) எதையும் தொடவில்லை. ஒரே ஒரு சிப்பை மாற்றியதில் ஐந்து வருடப் பழைய கணினி, புதிதாக வாங்கியவரின் கணினியோடு தோளுரசி நின்றது.

பல வருடம் ஓடும் கணினியைத் திட்டமிடுவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பாகங்களை இரண்டு கட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கேபினட், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, கூலர், மானிட்டர் ஆகியவை தங்கும் பாகங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மாறும் பாகங்கள். வீடு கட்டும்போது சுவருக்குள் போகும் ஒயரில் யாரும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை, ஃபேனையும் லைட்டையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நம்மில் பலர் கணினியில் தலைகீழாகச் செய்கிறோம். இருக்கிற பணத்தையெல்லாம் கிராபிக்ஸ் கார்டில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிவிடுகிறோம்.

கணக்கை மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம். இந்தப் புள்ளிகளை வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே விழுகிறது என்று கணக்குப் போடுவது பிராசசரின் வேலை. திரை பெரிதானாலும் சிறிதானாலும் அந்தக் கணக்கு ஏறக்குறைய அதேதான். நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லிசெகண்ட் அவகாசம் உண்டு. 144 என்றால் 6.9 மட்டுமே. ஆகவே 4கே-யில் 60 போதும் என்பவருக்கும், 1080பி-யில் 240 வேண்டும் என்பவருக்கும் ஒரே பட்டியல் சரிப்படாது. இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களுக்கு, 1440பி-யில் 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை படம் மாற்றும்) திரை, இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் ஆயுளைத் தாண்டியும் உழைக்கும்.

அடுத்தது சாக்கெட். இன்றைக்குப் புதிதாகப் போடுபவருக்கு என் தேர்வு ஏஎம்டியின் ஏஎம்5. 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசையோடு வந்தது, 9000 வரிசையும் அதே சாக்கெட்டில்தான் உட்கார்கிறது, 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெல் சாக்கெட்டுகள் பெரும்பாலும் இரண்டு தலைமுறையோடு விடைபெறும். 1700 சாக்கெட் மட்டும் 12, 13, 14 என மூன்றைப் பார்த்தது. செகண்ட் ஹேண்டில் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி அந்தச் சிப்புகள் நாளடைவில் தேயும் கோளாறு 2024-இல் உறுதியானது. பயாஸ் அப்டேட் இனி தேயாமல் பார்த்துக்கொள்ளும், ஏற்கெனவே தேய்ந்ததை மீட்டுத் தராது.

ஏஎம்5-இல் இப்போதைக்கு ரைசன் 5 7600 அல்லது 9600எக்ஸ் போன்ற ஆறு கோர் போதும். நாலைந்து வருடம் கழித்து, அந்த சாக்கெட்டின் கடைசிக் காலத்து எக்ஸ்3டி சிப் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். எக்ஸ்3டி என்பது பிராசசரோடு சேர்த்தே கூடுதல் கேஷ் (அடிக்கடி கேட்கும் தகவலை வைக்கும் சின்ன நினைவகம்) அடுக்கிய வகை. சாதாரண 5800எக்ஸ்-இல் எல்3 கேஷ் 32 எம்பி, 5800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. கேம்கள் சின்னச் சின்னத் தகவல்களை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் ராம் வரை போய்வந்தால் நேரம் போகும், பக்கத்திலேயே இருந்தால் மிச்சம்.

போர்டு வாங்கும்போது பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா பாருங்கள். எப்போதோ தயாரித்து அலமாரியில் கிடந்த போர்டுக்குப் புதிய பிராசசரை அடையாளம் தெரியாது, திரையில் ஒன்றும் வராது. ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த பென் டிரைவில், போர்டு கையேட்டில் சொன்ன பெயரில் பயாஸ் ஃபைலைப் போட்டு, அதற்கென்று குறித்திருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் செருகி பட்டனை அழுத்தினால், பிராசசர் இல்லாமலேகூட அப்டேட் ஆகிவிடும். விளக்கு மின்னி நிற்கும் வரை மின்சாரத்தை நிறுத்தக் கூடாது.

ராம் 32 ஜிபி, 16-16 ஆக இரண்டு ஸ்டிக், டிடிஆர்5 வகை, 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு, குறைந்தால் நல்லது). "இப்போ ஒரு ஸ்டிக், அப்புறம் ஒண்ணு சேர்த்துக்கலாம்" என்ற யோசனை டிடிஆர்5-இல் எடுபடுவது சந்தேகம். ஒற்றை ஸ்டிக்கில் வேகம் குறையும். பின்னால் வாங்குவது அதே கம்பெனி, அதே மாடலாக இருந்தாலும் உள்ளே வேறு சிப் இருக்கலாம், ஜோடி சேராமல் கணினி தொங்கும். நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் நிலைமை இன்னும் மோசம். ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் அப்போது 3600 மட்டும்தான். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை தாறுமாறாக ஏறியபோது பலரும் இந்த ஒற்றை ஸ்டிக் யோசனைக்குத்தான் இறங்கினார்கள். கை கடித்தால் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்குங்கள். அது எப்படியும் மாறப் போகும் பாகம்.

கிராபிக்ஸ் கார்டில் பார்க்க வேண்டியது வேகத்தோடு சேர்த்து நினைவகம். 2017 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ-யில் 11 ஜிபி. 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070 அதைவிட வேகமானது, ஆனால் 8 ஜிபி. அதே 2020-இல் பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-உம் பிராசசரும் கிராபிக்ஸும் பகிரும் 16 ஜிபி நினைவகத்தோடு வந்தன. கேம் தயாரிப்பவர்கள் அந்த அளவை மனதில் வைத்து எழுதத் தொடங்கியதும், 2023 வாக்கில் 8 ஜிபி கார்டுகள் மூச்சு வாங்க ஆரம்பித்தன. கார்டின் நினைவகம் நிரம்பினால் மிச்சம் ராமுக்கு வழியும், அங்கிருந்து எடுத்துவரும் பாதை குறுகல். சராசரி ஃபிரேம் எண் நன்றாகவே காட்டும். ஆனால் ஒரு தெருமுனையில் திரும்பும்போது படம் வெட்டி வெட்டி நகரும், சுவரின் செங்கல் இரண்டு நொடி மங்கலாக நின்று பிறகு தெளியும். செட்டிங்கில் டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படம்) தரத்தை ஒரு படி இறக்கியதும் சரியானால் நோய் அதுதான்.

எனவே 1440பி-க்குப் பல வருடம் ஓட வேண்டும் என்றால் 16 ஜிபி-க்குக் கீழே இறங்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகையாக விற்கின்றன. பில் போடுமுன் பெட்டியின் மூலையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். கடையில் "அதே கார்டுதான் சார்" என்பார்கள். பெயர் மட்டும்தான் அதே.

நினைவகம் இருந்தாலும் ஒரு நாள் கார்டு வேறு காரணத்தால் ஓய்வு பெறும். 1080 டிஐ வேகத்தால் தோற்கவில்லை. 2023-இல் வந்த ஆலன் வேக் 2, மெஷ் ஷேடர் என்ற வசதியை எதிர்பார்த்தது, அது அந்தக் கார்டில் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், ஒளி படும் விதத்தைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு இருந்தால்தான் ஓடும். மிக விலையுயர்ந்த கார்டை வாங்கிப் பத்து வருடம் ஓட்டலாம் என்ற கணக்கு உதைப்பது இங்கேதான். நடுத்தர விலையில் ஒன்றை வாங்கி, நாலு வருடத்தில் விற்று இன்னொரு நடுத்தரக் கார்டு வாங்கினால் செலவு ஏறக்குறைய அதேதான், புது வசதிகளும் கிடைக்கும்.

அப்படி மாற்ற வேண்டுமானால் எஸ்எம்பிஎஸ் இடம் கொடுக்க வேண்டும். கணக்கு சுலபம். கிராபிக்ஸ் கார்டு 300 வாட், பிராசசர் உச்சத்தில் 160, போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 70. மொத்தம் 530. அதற்காக 550 வாட் வாங்கினால் கேம் சூடு பிடிக்கும் நேரத்தில் கணினி பட்டென்று அணைந்து தானே திரும்ப ஏறும். கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, சொன்ன அளவைவிட மிக அதிகமாக மின்சாரம் இழுப்பதே காரணம். ஏடிஎக்ஸ் 3.0, 3.1 தரம் பெற்றவை இந்தத் திடீர் இழுப்பைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. 850 வாட், ஏடிஎக்ஸ் 3.1, பத்து வருட வாரண்டி என்று பார்த்து எடுத்தால் அடுத்த கார்டுக்கும் அதுவே போதும். பெட்டியில் இருக்கும் கோல்டு முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் தரத்தைச் சொல்லாது. வாரண்டி வருடத்தை நம்புவது மேல்.

பதினாறு பின் கொண்ட புதிய பவர் கனெக்டர் 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090-களில் உருகியது பலருக்கு நினைவிருக்கும். முழுதாக உள்ளே போகாமல் நின்ற பிளக்குகள் முக்கியக் காரணம். கார்டைப் பொருத்தும்போது இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துங்கள், டார்ச் அடித்து இடைவெளி தெரிகிறதா பாருங்கள், பிளக்கிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை ஒயரை வளைக்காதீர்கள். கேபினட்டின் கண்ணாடிக் கதவு ஒயரை நெருக்கினால் அந்தக் கேபினட் அந்தக் கார்டுக்கு ஆகாது. வாங்கும் முன் நீளத்தோடு அகலத்தையும் அளப்பது இதற்காகத்தான்.

எஸ்எஸ்டி-க்கு அதிகம் பேச வேண்டியதில்லை. டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும்) வகை, நாலாம் தலைமுறை என்விஎம்இ (போர்டில் நேரடியாகச் செருகும் வேகமான எஸ்எஸ்டி), 1 அல்லது 2 டிபி. ஐந்தாம் தலைமுறைக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் கேம் லோடாகும் நேரத்தில் வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

கூலரில் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. எந்தக் கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. 25 டிகிரி அறையில் பிராசசர் 70 காட்டினால், சித்திரை மாதம் 38 டிகிரி அறையில் 83-ஐ எதிர்பாருங்கள். வாட்டர் கூலர் அழகுதான், ஆனால் பம்ப் தேயும், திரவம் வருடக்கணக்கில் மெல்ல ஆவியாகும். இரட்டைக் கோபுர ஏர் கூலரில் கெடக்கூடியது ஃபேன் மட்டும்தான், சில நூறு ரூபாய்க்கு மாற்றிவிடலாம். முன்பக்கம் வலைக்கதவு உள்ள கேபினட், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வருவது அதிகமாக இருந்தால் தூசி ஃபில்டரில் நிற்கும், இடுக்குகள் வழியே புகாது. புளோயரால் ஊதிச் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விட்டால் பேரிங் போகும்.

யுபிஎஸ்-ஐ மறந்துவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கேம் நடுவில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து விழும். 530 வாட் கணினிக்கும் மானிட்டருக்கும் 600 வாட்டுக்கு மேல் தரக்கூடியது வேண்டும். விஏ எண்ணை விடுங்கள், வாட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அசெம்பிள் செய்யும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் பழகியவைதான். கூலர் அடிப்பகுதியின் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது. ராமை இரண்டாம், நாலாம் ஸ்லாட்டில் போடாமல் அடுத்தடுத்துப் போடுவது. பிராசசருக்கான எட்டு பின் ஒயரை விட்டுவிடுவது. மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகிவிட்டு, புதுக் கார்டு வேகமே இல்லை என்று புலம்புவது. ஏஎம்5-இல் முதல் முறை ஆன் செய்ததும் ராமைப் பழக்கிக்கொள்ள போர்டு சில நிமிடம் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து அணைத்துவிடாமல் காத்திருங்கள். படம் வந்ததும் பயாஸில் போய் எக்ஸ்போ-வை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் 6000 ராம் 4800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் நிற்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். 165 ஹெர்ட்ஸ் திரையை இரண்டு வருடம் 60-இலேயே ஓட்டியவர்கள் உண்டு.

எல்லாம் முடிந்ததும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் நாலைந்து ஒயர் மீதியாகும். அவற்றை ஒரு கவரில் போட்டு, மேலே எஸ்எம்பிஎஸ் கம்பெனி பெயரும் மாடலும் எழுதி கேபினட் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கம் செருகும் முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனால் பிளக் மட்டும் அச்சாகப் பொருந்தும். மூன்று வருடம் கழித்துப் புது ஹார்டு டிஸ்க் வாங்கி, டிராயரில் கிடந்த வேறு எஸ்எம்பிஎஸ் ஒயரை மாட்டினால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய், ஆன் செய்த நொடியில் டிஸ்க் போய்விடும். உள்ளே இருந்த படங்களும் அதோடு போகும்.

நன்றி. வணக்கம்.