காயம் எத்தனை பாயிண்ட்?

வணக்கம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நடத்துகிற ஆட்டம் ஒன்று உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். அதில் அடிபட்டால் எப்படிக் கணக்கு வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. அற்ப விஷயம்தான், ஆனால் ஆடுகிறவர்களுக்குள் இதை வைத்து நடக்கிற சண்டை இன்னும் ஓயவில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாருடைய பாத்திர விவரத் தாளை எடுத்தாலும் ஒரு கட்டம் மட்டும் கறுத்து நைந்திருக்கும். ஹிட் பாயிண்ட், அதாவது பாத்திரம் இன்னும் எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு, எழுதுகிற கட்டம் அது. 24 இருக்கும், அதை அழித்து 17, பிறகு 9, மந்திர மருந்து குடித்தால் மறுபடி 16 என்று ரப்பர் தேய்ந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பாயிண்டின் பூர்வீகம் மனித உடம்பு இல்லை, கப்பல்! 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவ் ஆர்னசன் நண்பர்களோடு ஆடியபோது கையில் இருந்தது செயின்மெயில் என்ற போர் விளையாட்டின் விதி. அதில் சாதாரணச் சிப்பாய்க்கு ஓர் அடி விழுந்தால் ஆள் காலி. படையையே நகர்த்துகிறவருக்கு அதனால் என்ன நஷ்டம்? ஒரே ஓர் ஆளுக்குப் பெயர் வைத்து, வாள் வாங்கிக் கொடுத்து, வாராவாரம் கூட்டிவருகிறவருக்குத்தான் மனசு ஆறாது. அதனால் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து இரும்புக் கப்பல்களுக்கான விதிகளிலிருந்து இந்த முறையை எடுத்துக்கொண்டதாக ஆர்னசனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கப்பல் இத்தனை அடி தாங்கும், அப்புறம் மூழ்கும், அவ்வளவுதான். 1974-ல் அவரும் கேரி கைகாக்ஸும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தபோது அதுவே மனிதர்களுக்கும் சட்டமானது.

ஆகவே 50 பாயிண்டில் 49 போனவனும் முன்போலவே ஓடுவான், வெட்டுவான், ஏணி ஏறுவான். கடைசி ஒன்றும் போனால்தான் பொத்தென்று விழுவான். இதென்ன கூத்து என்று கேட்டவர்களுக்கு 1979-ல் வந்த வழிகாட்டி நூலில் கைகாக்ஸ் பதில் சொன்னார்: அது முழுக்கச் சதையின் கணக்கு இல்லை, சண்டைத் திறமையும் அதிர்ஷ்டமும் சேர்ந்தது. நல்ல சமாளிப்புதான். ஆனால் போனது அதிர்ஷ்டம் என்றால் பூசாரி ஓடிவந்து மந்திரத்தால் ஆற்றுகிற புண் எது?

இந்த எரிச்சலில் வேறு வழி தேடியவர்கள் உண்டு. 1978-ல் ஸ்டீவ் பெரினும் கூட்டாளிகளும் எழுதிய ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்தில் உடம்பே பங்கு போடப்பட்டது. அடி விழுந்ததும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும்: 1 முதல் 4 வரை வலது கால், 12 மார்பு, 19, 20 வந்தால் தலை. கால் போனால் விழுந்து கிடந்தபடிதான் சண்டை. முதல் தடவை ஆடியபோது, திருடன் ஒருவன் என் இடது முழங்காலில் வெட்டியதும் நான் வாளைக் கீழே போட்டுவிட்டு, எவ்வளவு பணம் கொடுத்தால் விடுவாய் என்று அவனிடமே பேரம் பேசினேன். கப்பல் கணக்கில் ஆடியிருந்தால் அந்தப் பேச்சே என் வாயில் வந்திருக்காது.

1991-ல் வந்த வாம்பயர் ஆட்டத்தில் காயத்துக்கு ஏழு படிகள். காயம் ஏற ஏற உருட்டுகிற பகடைகளின் எண்ணிக்கை குறையும். நியாயம்தான், ஆனால் அடிபட்டவனுக்குக் குறி தப்பும், தப்பியதால் மேலும் அடிபடுவான், மீதி நேரமெல்லாம் அந்த நண்பர் மிக்சரைக் கொறித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்தபின் எனக்குக் கப்பல் மேல் கோபம் குறைந்துவிட்டது.

2014-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தால் போன பாயிண்டெல்லாம் திரும்பிவிடும். சிரிப்பாக இருக்கும். ஆனால் அதே பதிப்பில், பூஜ்யத்தில் விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் ஓர் இருபது முகப் பகடை உருட்ட வேண்டும். 10 அல்லது மேலே மூன்று தடவை விழுந்தால் பிழைப்பார், கீழே மூன்று விழுந்தால் செத்தார். போன மாதம் எங்கள் தோழி ஒருத்திக்கு இரண்டு நல்லது, இரண்டு கெட்டது ஆகியிருந்தது. பகடை மேசையிலிருந்து துள்ளி நாற்காலிக்கடியில் ஓடியது. விழுந்தது செல்லுமா, மறுபடி உருட்டணுமா என்று வாக்குவாதம், அதற்குள் ஒருவர் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்து 11 என்றார். தாளில் அழிக்க எதுவும் இல்லை, அங்கே இன்னும் பூஜ்யம்தான். நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.